அன்னை படிக்க முடியாத உறை

பதினான்கு அகவைப் பிள்ளையின் உடல் அளவுக்கு மீறிப் பருத்துவிட்டதென்று மருத்துவர் சொல்லிவிட்டால், நம் வீடுகளில் முதற்கண் குறைக்கப்படுவது சோறுதான். அடுத்துக் குறைவது பருப்பும் பொரியலும். மாலையில் அப்பிள்ளையின் கையிலிருக்கும் பொட்டலமும் புட்டியும் மட்டும் குறைவதே இல்லை. குறைக்க வேண்டியவை அவையே என்பது அன்னைக்குத் தெரியவில்லை. தெரியாதபடிதான் அவற்றின் உறை அச்சிடப்பட்டுள்ளது. இத்திங்கள் நாம் எடுத்துரைக்க விழைவது இவ்வுறையைப் பற்றியே.

முதலில் நோயின் அளவைக் காண்போம். 2022ஆம் ஆண்டில் உலகெங்கும் 5 முதல் 19 அகவை வரையுள்ளவர்களில் 39 கோடிப் பேர் மிகையெடை உடையவராக இருந்தனர் என்றும், அவருள் 16 கோடிப் பேர் உடற்பருமன் நோயினர் என்றும் உலக நலவாழ்வு நிறுவனம் கணக்கிட்டுள்ளது. இந்தியாவில் 2016-18இல் எடுக்கப்பட்ட ஊட்டக் கணக்கெடுப்பு, 10 முதல் 19 அகவையினரில் 24 விழுக்காட்டினர் மெலிந்தோர், 5 விழுக்காட்டினர் மிகையெடையோர் என்றது. ஐந்து என்பது சிறிய எண்தானே என்று எவரும் அமைதி கொள்ளற்க. நகரங்களில் அவ்வெண் மிகுதி. மேலும், நம் மக்களின் உடற்கூற்றில் வயிற்றைச் சுற்றிக் கொழுப்புச் சேர்வது எளிது. மேலைநாட்டாரினும் குறைந்த எடையிலேயே நீரிழிவு நம்மைப் பற்றிக்கொள்கின்றது. நாற்பது அகவைக்கு மேல் வந்த நோய் இன்று பள்ளிப் பிள்ளைகளிடமும் காணப்படுகின்றது. மெலிவும் பருமனும் எதிரெதிர் நோய்கள் போலத் தோன்றினும், இரண்டிற்கும் வேர் ஒன்றே: தரங்கெட்ட உணவு.

தரம் என்னும் சொல்லை அழுத்திச் சொல்வதற்குக் கரணியம் உண்டு. 2019இல் அமெரிக்க நாட்டு நலவாழ்வு நிறுவனத்தில் இருபது பேரை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. இரண்டு கிழமை ஆலையில் ஆக்கிய உணவு. இரண்டு கிழமை சமையலறையில் ஆக்கிய இயல்புணவு. இருவகையிலும் முன்வைக்கப்பட்ட ஆற்றல், சருக்கரை, கொழுப்பு, நார் ஆகியவை ஒத்த அளவினவே. வேண்டிய மட்டும் உண்க என்று விடப்பட்டனர். ஆலையுணவு உண்ட நாள்களில் அவர்கள் நாளொன்றுக்கு ஏறத்தாழ 500 கலோரி மிகுதியாக உண்டனர். எடையும் ஏறத்தாழ ஒரு கிலோ ஏறிற்று. இயல்புணவின்போது அதே அளவு இறங்கிற்று. அவர்கள் பெருந்தீனியரும் அல்லர். மனவுறுதி அற்றவரும் அல்லர். விரைவாக விழுங்கத்தக்கதாய், வயிறு நிறைந்ததை உணரு முன்பே தீர்ந்துபோவதாய் அவ்வுணவு ஆக்கப்பட்டுள்ளது. வளர்ந்தோர் நிலையே இஃதாயின், பிள்ளையை மட்டும் 'அடங்காத வாய்' என்று ஏசுவது என்ன அறம்?

ஏச்சைப் பற்றி இங்கு ஒரு சொல். 'பூசணி', 'குண்டன்', 'ஆனைக்குட்டி' என்று பள்ளியிலும் வீட்டிலும் பிள்ளைகளை அழைப்பதை நாம் நகைச்சுவையென்று கொள்கின்றோம். தமிழை உயிரெனப் போற்றுவோர் வாயிலும் இச்சொற்கள் வருகின்றன. எடையைச் சுட்டிப் பழிக்கப்படும் பிள்ளைகள் மெலிவதில்லை. மறைந்து உண்ணவும், வெறுங்குடலாய்க் கிடந்து பின் அளவின்றி உண்ணவும் பழகுகின்றனர். பட்டினியும் அத்தகையதே. வளரும் பிள்ளைக்குப் பல வேளைகளில் எடையைக் குறைப்பதே வேண்டுவதில்லை. எடை ஏறாமல் நிற்க, உயரம் வளர்ந்து அதனை எட்டிப் பிடித்துக்கொள்ளும். எவருக்கு எது தகும் என்பதை மருத்துவரே முடிவு செய்யட்டும். காலையுணவைத் தவிர்க்காமை, நாள்தோறும் ஒரு மணி நேர ஓட்டமும் ஆட்டமும், எட்டு மணி நேரத்திற்குக் குறையாத உறக்கம், வீட்டார் அனைவர்க்கும் ஒரே உணவு: இவை எவர்க்கும் தீங்கு செய்யா. விளையாட்டு வேளையைக் கணக்குப் பாடத்திற்குப் பறித்துக்கொள்ளும் பள்ளிகளுக்கும் இதில் பொறுப்புண்டு.

இனி உறைக்கு வருவோம். இந்தியச் சட்டத்தின்படி உணவுப் பொட்டலத்தின் மேல் எழுதப்பட வேண்டியவை ஆங்கிலத்திலோ, தேவநாகரி எழுத்தில் இந்தியிலோ இருத்தல் வேண்டும். பிற மொழியைக் கூடுதலாகச் சேர்க்கத் தடையில்லையாம்! தடையில்லை என்பது உரிமையாகுமா? தமிழ்நாட்டுச் சிற்றூர்க் கடையில், தமிழ்ப் பிள்ளைக்கு விற்கப்படும் பொட்டலத்தில், அதனுள் இருக்கும் சருக்கரையையும் உப்பையும் கொழுப்பையும் தமிழில் சொல்லக் கடப்பாடில்லை. வாங்கத் தூண்டும் விளம்பரம் மட்டும் நல்ல தமிழில் வீட்டினுள் வந்து பேசுகின்றது. விற்பதற்குத் தமிழ்; எச்சரிப்பதற்கு ஆங்கிலம். ஆங்கிலம் படித்தவரும் ஏமாறுகின்றனர் என்பது வேறு. நீர்மக் குளுக்கோசு, மால்ட்டோ டெக்சுட்டிரின் என்று வரும் பெயர்களெல்லாம் சருக்கரையின் உறவினரே என்று எத்துணைப் பேர் அறிவர்?

தென்னமெரிக்காவிலுள்ள சிலி நாட்டைப் பாருங்கள். 2016 சூன் திங்களிலிருந்து அங்குச் சருக்கரை, உப்பு, நிறைவுற்ற கொழுப்பு, கலோரி ஆகியவற்றுள் எது எல்லை மீறினும், உறையின் முகப்பிலேயே எண்கோணக் கருங்கட்டத்துள் 'இது மிகுதி' என்று மக்கள் பேசும் மொழியில் எழுதியாக வேண்டும். அத்தகைய உணவைப் பள்ளியில் விற்கலாகாது. பிள்ளைகளை ஈர்க்கும் விலங்குப் படங்களை உறையில் பொறிக்கவும் கூடாது. முதற் கட்டத்திலேயே இனிப்புக் குடிப்புகளின் கொள்முதல் ஏறத்தாழ நான்கிலொரு பங்கு குறைந்தது. இங்கோ, 2022இல் வெளிவந்த வரைவு விண்மீன் குறிகளை முன்மொழிந்தது. கேடு செய்யும் பண்டத்திற்கும் அரை விண்மீனாவது கிடைக்கும்! எச்சரிக்கை வேண்டிய இடத்தில் பரிசளிப்பு.

நம் பக்கக் குறையையும் மறைக்கலாகாது. தமிழர் உணவென்றாலே நல்லுணவு என்று தோள்தட்டுவோருடன் நமக்கு உடன்பாடில்லை. தீட்டிய வெள்ளரிசிச் சோறு மூன்று வேளையும், இடையே வடையும் பச்சியும், இரவில் மைதாப் புரோட்டாவும் உண்டுவிட்டு மேலைநாட்டான் மேல் பழிபோடுதல் நேர்மையன்று. கம்பும் வரகும் சாமையும் கேழ்வரகும் ஏழைமையின் அடையாளமென்று இகழ்ந்து கைவிட்டவர் நாமே. கீரை, பயறு, காய், மோர் ஆகியவை தட்டில் பாதிக்கு மேல் நிறையுமாயின், சோற்றின் அளவு தானே சுருங்கும்; பிள்ளையும் பசியால் வாடான்.

2020ஆம் ஆண்டு விதியொன்று பள்ளி வாயிலிலிருந்து 50 மீட்டருக்குள் கொழுப்பும் உப்பும் சருக்கரையும் மிக்க உணவை விற்பதைத் தடுக்கின்றது. அன்பர்கள் தத்தம் ஊரில் அளந்து பார்த்து, மீறல் கண்டால் மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலர்க்கு எழுதுக. உறையில் தமிழ் கட்டாயமாகும் வரை, தலைமையாசிரியர் இசைவுடன் பள்ளிச் சுவரில் பலகை ஒன்று மாட்டுக. நடுவண் பள்ளிக்கல்வி வாரியம் 2025இல் தன் பள்ளிகளில் சருக்கரைப் பலகை வைக்கப் பணித்துள்ளது. நம் பலகை தமிழில் இருக்கட்டும். முதல் வரி இவ்வாறு அமையலாம்: 300 மில்லி கோலாப் புட்டியில் சருக்கரை ஏறத்தாழ 30 கிராம், ஒரு நாள் முழுமைக்கும் சேர்க்கத்தக்க சருக்கரை 25 கிராம்.