சருகுமானுக்கும் ஓர் ஓடுபாதை வேண்டும்

சாங் கஞ்சில் கதை தெரியாமல் இந்நாட்டில் யாரும் ஆரம்பப்பள்ளியைத் தாண்டியிருக்க முடியாது. ஆற்றைக் கடக்க வேண்டும். முதலைகளை வரிசையாக நிற்கச் சொல்லி, எண்ணுவதாகப் பேர் பண்ணி, ஒவ்வொன்றின் முதுகிலும் தாவி அக்கரை சேர்ந்துவிடும் அந்தச் சின்னச் சருகுமான். 1994-ஆம் ஆண்டு பெரோடுவா தன் முதல் காருக்கு வைத்தது அந்தப் பெயரைத்தான். 660 சிசி, மூன்று சிலிண்டர், சுமார் 31 குதிரைத்திறன். அம்மாமார்கள் சந்தைக்குப் போகவும், வாகனமோட்டும் பள்ளிகளில் உங்கள் அண்ணன் அக்காக்கள் கிளட்சை எரிக்கவும் பயன்பட்ட கார். பிரிக்பீல்ட்ஸில் இடமே இல்லாத இடத்திலும் அதை நிறுத்தலாம். மற்றபடி பெருமைப்பட அதில் ஒன்றுமில்லை என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

அந்தக் காரைத்தான் சில இளைஞர்கள் டிராக் பந்தயத்துக்குக் கொண்டுவருகிறார்கள். இரண்டு கார்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். பச்சை விளக்கு எரிந்ததும் நேர்கோட்டில் கால் மைல், அதாவது 402 மீட்டர், யார் முதலில் கடப்பது என்பதுதான் போட்டி. வளைவு கிடையாது. இதற்குக் கஞ்சிலா என்று சிரிக்கத் தோன்றும். ஆனால் ஜப்பானில் கழித்துவிடப்பட்ட கார்களின் முன்பாதியை வெட்டி இங்கே விற்கிறார்களே, ஹாஃப் கட் என்று, அதிலிருந்து டைஹட்சுவின் ஜேபி-ஜேஎல் என்ற டர்போ எஞ்சினை எடுத்துக் கஞ்சிலில் பொருத்திவிடுகிறார்கள். அதுவும் 659 சிசிதான். ஆனால் நான்கு சிலிண்டர், 64 குதிரைத்திறன். கொள்ளளவு அப்படியே இருக்க, திறன் இரண்டு மடங்கு. காரின் எடையோ சுமார் 700 கிலோதான்.

இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவன் என் பழைய மாணவன். படிவம் ஐந்தில் இயற்பியலில் அவனுக்கு நான் போட்ட மதிப்பெண் 38. பள்ளி முடிந்ததும் கிள்ளானில் ஒரு போமனிடம் வேலைக்குச் சேர்ந்தான். ஒருநாள் என் பழைய காரை அங்கே கொண்டுபோனபோது, கையைத் துணியில் துடைத்துக்கொண்டே தன் கஞ்சிலைக் காட்டினான்.

“எஞ்சின் மட்டும் பெருசா போட்டா பத்தாது சார். கிளம்புறப்ப வெயிட்டு பின்னால போயிடும். கஞ்சிலுக்கு முன் டயர்தானே ஓட்டுது? அது சும்மா நின்ன இடத்துலயே சுத்தும்.”

வகுப்பில் நியூட்டனின் இரண்டாம் விதியை மூன்று வாரம் நடத்தியும் அவனிடமிருந்து ஒரு சரியான வரியை நான் வாங்கியதில்லை. அன்று பட்டறையில் அவன் சொன்னது முழுக்க முழுக்கச் சரி.

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். நீங்களும் போடலாம். பள்ளியில் ‘குவாசா’ என்று படிக்கிறீர்களே, அந்தத் திறனை நேரத்தால் பெருக்கினால் காரின் இயக்க ஆற்றல் கிடைக்கும். அதிலிருந்து வேகம், வேகத்திலிருந்து தூரம். டயர் வழுக்காது, காற்று தடுக்காது என்று வைத்துக்கொண்டால், குறிப்பிட்ட தூரத்தைக் கடக்கும் நேரம், நிறையைத் திறனால் வகுத்து வருவதன் கனமூலத்தைப் பொறுத்தது என்று முடியும். கனமூலம் என்பதுதான் இதில் கொடுமை. திறனை இரண்டு மடங்காக்கினாலும் நேரம் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குதான் குறையும். நேரத்தைப் பாதியாக்க எட்டு மடங்கு திறன் வேண்டும். பின் இருக்கை, கதவு அட்டை எல்லாவற்றையும் கழற்றி 60 கிலோவைக் குறைத்தாலும் மிச்சமாவது மூன்று விழுக்காட்டுக்கும் குறைவு. அந்த மூன்று விழுக்காட்டுக்காகத்தான் பையன்கள் உள்ளே இருப்பதையெல்லாம் கழற்றி எறிகிறார்கள். மோதினால் உடம்புக்கு முட்டுக்கொடுக்கக்கூடிய கொஞ்ச நஞ்சமும் அதோடு போய்விடுகிறது.

என் மாணவன் அப்படித்தான் போனான். பத்தொன்பது வயது. நள்ளிரவுக்குப் பிறகு, பந்தயத்துக்காகப் போடப்படாத ஒரு பொதுச்சாலையில், 120 கிலோமீட்டருக்கு மேல் வேகத்தில். ஈமச்சடங்கில் அவன் அம்மா என்னைப் பார்த்து, “சார், அவன் உங்க பாடத்துலதான் ரொம்ப மக்கு,” என்றார். நான் பதில் சொல்லவில்லை. அது உண்மையில்லை என்று அன்றே சொல்லியிருக்க வேண்டும்.

இந்த இடத்தில், சாலையில் பந்தயம் ஓட்டாதீர்கள் என்று எழுதி நான் முடித்துவிடலாம். சட்டமும் அதைத்தான் சொல்கிறது. 1987-ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டப்படி அது குற்றம். எஞ்சினை மாற்றினால் வாகனச் சோதனைக்கும் ஜேபிஜே பதிவுக்கும் போயாக வேண்டும். இதெல்லாம் உங்களுக்குத் தெரியும். தெரிந்தும் போகிறார்கள். அதனால் இதே தொல்லையை எழுபது ஆண்டுகளுக்கு முன் அனுபவித்த ஓர் ஊரைப் பார்ப்போம்.

இரண்டாம் உலகப் போர் முடிந்த காலத்தில் கலிபோர்னியாவிலும் இதே கதைதான். பழைய கார், மலிவான உதிரிப்பாகம், கை நிறைய நேரம், இரவுச்சாலை. 1950-இல் அங்கே சாண்டா அனா விமான நிலையத்தில் சும்மா கிடந்த ஓர் ஓடுபாதையை டிராக் பந்தயத்துக்குத் திறந்துவிட்டார்கள். அடுத்த ஆண்டு, ‘ஹாட் ராட்’ சஞ்சிகையின் ஆசிரியர் வாலி பார்க்ஸ், என்எச்ஆர்ஏ என்ற அமைப்பைத் தொடங்கினார். 1954 முதல் அதன் ஆட்கள் சிலர் காரில் ஊர் ஊராகப் போய், உள்ளூர்க் கார் மன்றங்களோடு சேர்ந்து பந்தயத்தைப் பாதுகாப்பாக நடத்துவது எப்படி என்று செய்தே காட்டினார்கள்.

பாதை கிடைத்ததும் வந்து சேர்ந்த கார்களைக் கேளுங்கள். போர்க்காலத்துக்கு முந்திய வில்லீஸ் கூப்பே, அதன் காலத்தில் ஏழையின் கார். பிரிட்டனிலிருந்து வந்த குட்டி போர்ட் ஆங்லியா. இத்தாலியின் பியட் தோபோலீனோ. அந்தப் பெயருக்கே சுண்டெலி என்று பொருள். வோக்ஸ்வேகன் வண்டுக் கார்கூட வந்தது. டாமி ஐவோ என்ற தொலைக்காட்சி நடிகர் ஒரே வாகனத்தில் நான்கு பியூக் எஞ்சின்களைப் பொருத்தினார் (இது எனக்குக் கொஞ்சம் அதிகமாகத்தான் படுகிறது). 1965-இல் ‘லிட்டில் ரெட் வேகன்’ வந்தது. டாட்ஜ் நிறுவனத்தின் சாமான் ஏற்றும் சிறு லாரி. ஓட்டுநருக்குப் பின்னால் ராட்சத எஞ்சினை வைத்தார்கள். எடை பின்னால் சாய்ந்ததும் முன்சக்கரங்கள் வானத்தைப் பார்த்தன. லாரி பின்னிரண்டு காலில் நின்றே ஓடியது. என் மாணவன் பட்டறையில் சொன்னானே, அதே விதிதான். அங்கே பின்சக்கரம் ஓட்டியதால் வண்டி எழுந்து நின்றது. இங்கே முன்சக்கரம் ஓட்டுவதால் கஞ்சில் நின்ற இடத்திலேயே டயரைத் தேய்க்கிறது.

வில்லீஸ் கார்களில் பெயர் பெற்றது ஸ்டோன், வுட்ஸ், குக் அணி. உரிமையாளர்களான ஸ்டோனும் வுட்ஸும் கறுப்பினத்தவர்; ஓட்டிய குக் வெள்ளையர். அமெரிக்காவில் குடிமை உரிமைகள் சட்டம் 1964-இல்தான் வந்தது என்பதை நினைவில் வைத்துக்கொண்டு இதைப் பாருங்கள். இது பையன்களின் விளையாட்டு என்று ஒதுங்கும் மாணவிகளுக்கு: ஷர்லி மல்டவுனி 1973-இல் உச்சப் பிரிவில் ஓட்ட உரிமம் பெற்ற முதல் பெண். 1977, 1980, 1982 என மூன்று முறை அந்தப் பிரிவின் வெற்றியாளர்.

நமக்கு இடமே இருந்ததில்லை என்று சொல்ல முடியாது. ஷா ஆலாம் பத்து தீகாவில் 1968 முதல் பந்தயத்தடம் இருந்தது. உலக அளவிலான கார்ப் பந்தயமும் மோட்டார்சைக்கிள் பந்தயமும் அங்கே நடந்தன. கிள்ளானிலிருந்து எட்டிவிடும் தூரம். இன்று அந்த இடத்தில் வீடுகள். 1999-இல் செப்பாங் வந்தது. பார்முலா ஒன் வந்தது, 2017-இல் போகவும் செய்தது. செப்பாங் அருமையான தடம். ஆனால் சம்பளத்தில் பாதியை வீட்டுக்குக் கொடுத்துவிட்டு மீதியில் டர்போ வாங்கும் பட்டறைப் பையனுக்கு அது தூரம். கிலோமீட்டரில் மட்டும் சொல்லவில்லை.

நான் கேட்பது பெரிய தடமல்ல. அரை அளவுப் பந்தயம் என்று ஒன்று உண்டு, 201 மீட்டர். அதோடு வண்டி நிற்க இன்னும் இரு மடங்கு நேரான தார், இரு பக்கமும் தடுப்பு, ஓர் ஆம்புலன்ஸ், தீயணைப்பான், தலைக்கவசம், வண்டியைச் சோதிக்கத் தெரிந்த இரண்டு போமன்கள். மாதத்தில் ஒரு சனிக்கிழமை மாலை, மாணவர் கட்டக்கூடிய கட்டணம். சிலாங்கூரின் ஊராட்சி மன்றங்களும் தொழிற்கல்லூரிகளும் சேர்ந்தால் நடத்த முடியாத காரியமா இது? நேரத்தை அளக்கும் கருவியைத் தொழிற்கல்லூரி மாணவர்களே செய்துவிடுவார்கள்.

இது ஆசையைத் தூண்டிவிடும் என்பார்கள். ஆசை ஏற்கனவே சாலையில்தான் இருக்கிறது. எல்லாரும் திருந்திவிடுவார்கள் என்றும் நான் சொல்லவில்லை. பணம் வைத்துப் பந்தயம் கட்டுகிறவனுக்கு விளக்கும் தடுப்பும் பிடிக்காது, அவன் வரமாட்டான். அவனைப் போலீஸ் பார்த்துக்கொள்ளட்டும். ஆனால் தன் கைவேலையை நாலு பேர் பார்க்க வேண்டும், எத்தனை வினாடி என்று தெரிய வேண்டும் என்பதற்காக மட்டும் சாலைக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். என் மாணவன் அந்த ரகம். அவனுக்குத் தேவைப்பட்டதெல்லாம் ஒரு காகிதத்தில் அச்சடித்த நேரம்.

கரம்ஜித் சிங் 2002-இல் புரோட்டோன் காரில் உலக ரேலியின் தயாரிப்புக் கார் பிரிவை வென்றபோது நாடே கைதட்டியது. பட்டறையில் கிரீஸ் படிந்த கையோடு நிற்கும் பையனைப் பார்த்தால் மட்டும் படிக்காதவன் என்கிறோம். இப்போது என் வகுப்பில் இயக்க ஆற்றல் பாடம் வரும்போது கரும்பலகையில் ஒரு கஞ்சில் படம் வரைகிறேன். படம் சுமார்தான். பின்வரிசையில் வழக்கமாகத் தூங்கும் நான்கு பேர் எழுந்து உட்கார்ந்து, டர்போவின் அளவு என்ன சார் என்று கேட்கிறார்கள்.