திண்ணைப் பேச்சு: பெஞ்சு நனையும் காலம்

சென்ற மாதம் இந்தப் பகுதியில் மாம்பழத்தைப் பற்றி இரண்டு பக்கம் எழுதியதற்காக அன்பர் ஒருவர் என்னைக் கடிந்து கடிதம் எழுதியிருக்கிறார். "சங்கத்தின் பத்திரிகையில் உருப்படியான விஷயங்களுக்கே இடம் போதவில்லை; இதில் அரட்டைக்கென்று ஒரு தனிப் பகுதி வேறா?" என்பது அவர் கேள்வி. நியாயமான கேள்விதான். பதில் சொல்லாமல் நழுவிவிடும் எண்ணம் எனக்கில்லை. ஆனால் என் பதிலும் அரட்டையாகவே அமையும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

மாட்டுங்காவை ஒட்டி ஐந்து தோட்டங்கள் இருக்கின்றன அல்லவா? 'ஃபைவ் கார்டன்ஸ்' என்று சொன்னால்தான் டாக்சிக்காரருக்குப் புரியும். அங்கே ஒரு மூலையில் உள்ள பெஞ்சில் மாலை ஐந்தரை மணிக்கு நாங்கள் நால்வர் கூடுவது வழக்கம். எல்லாரிலும் மூத்தவர் திருநெல்வேலிக்காரர், எங்களுக்கெல்லாம் அண்ணாச்சி. அடுத்தவர் தஞ்சாவூர்க்காரர். மூன்றாமவர் பாலக்காட்டுத் தமிழர். நான்காவது ஆள் அடியேன். பிறந்ததே இந்த ஊரில்தான். நால்வருக்கும் ரத்த அழுத்தம் உண்டு. அதைப் பற்றிப் பேசுவதில்லை என்று ஓர் ஒப்பந்தமும் உண்டு.

பேச்சு எப்போதும் வானத்திலிருந்துதான் இறங்கும். "இன்றைக்குப் புழுக்கம் சற்று அதிகம்" என்பார் தஞ்சாவூர்க்காரர். நேற்றும் அதையேதான் சொன்னார், நாளையும் சொல்வார். "காற்றே இல்லையே" என்று பாலக்காட்டுக்காரர் ஆமோதிப்பார். அண்ணாச்சி மட்டும் மும்பை வானத்தை நிமிர்ந்தும் பார்க்க மாட்டார். ஜூன் பிறந்துவிட்டால், "குற்றாலத்தில் தண்ணீர் விழுந்துவிட்டதாமா?" என்பதுதான் அவருடைய முதல் கேள்வி. ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாகத் தாராவியிலும் சயானிலும் குடியிருந்தவர். மனம் மட்டும் இன்னும் தென்காசியில் ரயில் ஏறவில்லை.

அவருடைய கேள்வியை ஊர்ப்பித்து என்று ஒதுக்கிவிடுவதற்கில்லை. கேரளக் கரையில் ஜூன் முதல் தேதியை ஒட்டி இறங்கும் தென்மேற்குப் பருவக்காற்று, வழக்கமாக ஜூன் 11 ஆம் தேதி வாக்கில் மும்பையை எட்டுகிறது என்று வானிலைத் துறையார் கணக்கு வைத்திருக்கிறார்கள். அதே காற்றுதான் செங்கோட்டைக் கணவாய் வழியே நுழைந்து குற்றாலத்தில் சாரலாகத் தெறிக்கிறது. ஆகவே நம் தலைமேல் கொட்டும் மழையும் அண்ணாச்சியின் சாரலும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். இதை எனக்கு விளக்கியவர் அண்ணாச்சி அல்லர். என் பள்ளிக்கூடத்துத் தமிழாசிரியர்.

அந்த வகுப்பு இன்னும் ஞாபகம் இருக்கிறது. ஐப்பசியில் அடைமழை, கார்த்திகையில் கனமழை என்று பாடம் நடந்துகொண்டிருந்தது. ஜன்னலுக்கு வெளியே ஐப்பசி வெயில் சுட்டெரித்துக்கொண்டிருந்தது. அக்டோபர் வெயிலுக்கு இந்நகரில் தனிப் பெயரே உண்டு என்பது இங்குள்ளவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆசிரியர், "கார்காலம் எது?" என்று கேட்டார். கடைசி வரிசைப் பையன் எழுந்து, "பள்ளிக்கூடம் திறக்கிற காலம், சார்" என்றான். வகுப்பே சிரித்தது, ஆசிரியர் சிரிக்கவில்லை. "அவன் சொன்னது அவன் ஊருக்குச் சரிதான்" என்று கூறிவிட்டு, கரும்பலகையில் இந்தியாவின் மேற்குக் கரையை வரைந்து, காற்று எங்கே முட்டுகிறது, எங்கே நுழைகிறது, ஏன் சென்னைக்குப் பெரும்பாலான மழை அக்டோபருக்குப் பிறகு வடகிழக்கிலிருந்து வருகிறது என்றெல்லாம் அம்புக் குறிகள் போட்டுக் காட்டினார். பூகோள வகுப்பில் புரியாத பருவக்காற்று தமிழ் வகுப்பில் புரிந்தது.

உண்மையிலேயே எங்களுக்கு மழையும் பள்ளிக்கூடமும் ஒன்றாகத்தான் திறந்தன. ஜூன் நடுவில் புதுப் புத்தகங்கள், பழுப்புக் காகித அட்டை, ரப்பர் வாடை வீசும் மழைக்கோட்டு, மூன்று பிள்ளைகளுக்கு ஒரு குடை. தமிழ்நாட்டுப் பையன்கள் வீட்டுப்பாடம் எழுதாததற்குக் காய்ச்சல், தலைவலி என்று காரணம் தேட வேண்டியிருந்தது. எங்களுக்கு அந்தக் கஷ்டம் இல்லை. நோட்டுப் புத்தகத்தைச் சற்று மழையில் பிடித்தால் போதும். எழுதாத பாடமும் கரைந்துபோன பாடம் ஆகிவிடும். தாதர் பக்கம் தண்ணீர் தேங்கி டிராம் வண்டி நின்றுவிட்டால் எங்கள் மகிழ்ச்சிக்கு எல்லையே இராது. 1964 மார்ச் 31 ஆம் தேதியோடு இந்நகரில் டிராம் நின்றுபோயிற்று. தண்ணீர் தேங்குவது மட்டும் நிற்கவில்லை.

தண்ணீர் என்றதும் பாலக்காட்டுக்காரர் 2005 ஜூலை 26 ஆம் தேதியைத் தொடங்கிவிடுவார். அன்று சாந்தாகுரூசில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை. அதே நாளில் நகரின் தென்கோடியான கொலாபாவில் 75 மில்லிமீட்டர்கூட இல்லை. கோட்டைப் பகுதி அலுவலகத்தில் உட்கார்ந்திருந்த மனிதர், "சாதாரண மழைதானே" என்று குடையை எடுத்துக்கொண்டு புறப்பட்டார். ரயில் இல்லை. நடந்து வீடு சேர மறுநாள் ஆயிற்று. அவர் கதை சொல்லும் ஒவ்வொரு தடவையும் தண்ணீர் ஓர் அங்குலம் ஏறும். இப்போது கழுத்துவரை வந்திருக்கிறது. நாங்கள் யாரும் குறுக்கே பேசுவதில்லை.

மழைநாளில் வெளியே போக வழியில்லாதபோது எங்களுக்குத் துணை வானொலிப் பெட்டிதான். தபால் ஆபீசில் லைசென்ஸ் கட்டி வைத்துக்கொள்ள வேண்டிய பெட்டி அது. 1952 இல் மத்திய மந்திரி கேஸ்கர் அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டுக்கு இடம் கொடாமல் செய்ததும், நாடே இலங்கை வானொலியின் பக்கம் முள்ளைத் திருப்பியது. 1957 அக்டோபரில் விவித் பாரதி தொடங்கிய பிறகும் பழக்கம் விடவில்லை. புதன்கிழமை இரவு எட்டு மணிக்கு அமீன் சயானியின் 'பினாக்கா கீத்மாலா' என்றால் எங்கள் கட்டடத்தில் தமிழர், மராட்டியர், குஜராத்தியர் என்ற பேதமே கிடையாது. அதில் ஒரு வேடிக்கை: அந்தக் குரல் பதிவானது இதே பம்பாயில். நாடாவில் ஏறிக் கொழும்புக்குப் போய், அங்கிருந்து சிற்றலையில் எங்கள் வீட்டுக்குத் திரும்பி வரும். மின்னல் வெட்டினால் பாதி வழியில் கரகரத்து மறைந்துவிடும்.

அண்ணாச்சிக்கு இந்த நிகழ்ச்சியில் பற்றில்லை. அவர் மயில்வாகனன் கட்சி. இலங்கை வானொலியின் தமிழ் அறிவிப்பாளர் மயில்வாகனனின் குரலைக் கேட்பதற்காகவே ஊரில் ஒரு டீக்கடை வாசலில் நின்று, வாங்க வேண்டாத டீயை வாங்கிக் குடித்தவர் அவர். இரு குரல்களில் எது உயர்ந்தது என்ற வழக்கு எங்கள் பெஞ்சில் இன்னும் தீர்ப்பாகவில்லை.

சினிமாவில் மட்டும் நால்வருக்கும் ஒரே அபிப்பிராயம். 1964 இல் ஸ்ரீதர் எடுத்த 'காதலிக்க நேரமில்லை' படத்தில் நாகேஷ் பாலையாவுக்குத் திகில் கதை சொல்லும் காட்சியை விஞ்சியது இன்னும் வரவில்லை. ஒரு நாள் தஞ்சாவூர்க்காரர் நாகேஷாகி, கை விரல்களை ஆட்டிக் கதை சொல்ல, அண்ணாச்சி பாலையாவாகி விழி பிதுங்க அமர்ந்திருந்தார். அடுத்த பெஞ்சிலிருந்த குஜராத்திப் பெரியவர் விழுந்து விழுந்து சிரித்தார். தமிழில் ஒரு சொல்லும் அறியாதவர்! விசாரித்தால், "இது மெஹ்மூத், ஓம் பிரகாஷ் காட்சி அல்லவா?" என்றார். ஸ்ரீதரே அந்தப் படத்தை 1966 இல் 'ப்யார் கியே ஜா' என்று இந்தியில் எடுத்தார்; அவர் பார்த்தது அது. அன்று முதல் அவரும் எங்களுக்கு வணக்கம் சொல்லுகிறார்.

இவ்வளவும் அரட்டைதான்; மறுக்கவில்லை. இனி, கடிதம் எழுதிய அன்பர் சற்றுப் பொறுமையாகக் கேட்க வேண்டும்.

ஜூன் இரண்டாம் வாரம் மழை பிடித்துக்கொண்டால் எங்கள் பெஞ்சு நனைந்துவிடும். செப்டம்பர் கடைசிவரை உலராது. பாதை வழுக்கும், இந்த வயதில் விழுந்தால் எழுவது கஷ்டம். ஆகவே நான்கு மாதங்கள் நாங்கள் கூடுவதில்லை. மழையைப் பற்றிப் பேச எவ்வளவோ இருக்கும் காலத்தில்தான் பேச ஆள் இல்லை.

எனக்கு வீட்டில் மனைவி இருக்கிறாள். புழுக்கத்தைப் பற்றி அவளிடம் சொல்லலாம், பதிலும் வரும். அண்ணாச்சி தனியர். மனைவி காலமாகி ஆறு ஆண்டுகள் ஆகின்றன. மகன் காலை எட்டு மணிக்குப் புறப்பட்டு இரவு ஒன்பதுக்குத் திரும்புகிறவன். மருமகள் மராட்டியப் பெண், குணவதி. மாமனாருக்கு வேளாவேளைக்குக் காபி தவறியதில்லை. ஆனால் வீட்டு மொழி இந்தி. பேரனுக்குத் தமிழ் காதில் விழுந்தால் புரியும், நாவில் வராது. இதில் குற்றவாளி என்று எவரையும் சுட்ட முடியாது.

சென்ற ஆண்டு மழைக்காலம் முடிந்து அக்டோபர் முதல் வாரத்தில் மறுபடியும் கூடினோம். அண்ணாச்சி மெலிந்திருந்தார். துண்டால் பெஞ்சைத் துடைத்துவிட்டு உட்கார்ந்தார். வழக்கம்போல் வானத்திலிருந்து தொடங்கினார்: "இந்த வருஷம் பாரிஷ் கொஞ்சம் ஜாஸ்திதான்."

பாலக்காட்டுக்காரர் சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அண்ணாச்சிக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் அவர் முகம் சுருங்கியது. "மழை" என்று மெல்லத் திருத்திக்கொண்டார். சற்று நேரம் கழித்து, "சாரல், தூறல், தூவானம்..." என்று விரல் விட்டு எண்ணினார், பெட்டியைத் திறந்து நகை சரியாக இருக்கிறதா என்று பார்ப்பவர்போல. தூறலுக்கும் சாரலுக்கும் வித்தியாசம் தெரியாமல் பேசும் எங்களைப் பல தடவை திருத்திய மனிதர் அவர். அன்று மாலை வெகுநேரம் பேசவில்லை. எழுந்து போகும்போது, "நாலு மாசம் ஆச்சுல்லா" என்று மட்டும் சொன்னார்.

நம் சங்கம் ஆண்டுதோறும் பாரதி விழா நடத்துகிறது. பேச்சுப் போட்டி வைத்துப் பரிசளிக்கிறது. நல்ல காரியம்தான். ஆனால் பரிசு பெறும் குழந்தைகளில் சிலர் பாட்டைத் தேவநாகரி எழுத்தில் எழுதிப் படித்து ஒப்பிக்கிறார்கள் என்பதை நாம் அறிவோம். மேடையை விட்டு இறங்கியதும் தாகத்துக்குத் தண்ணீர் கேட்பது எந்த மொழியில் என்பதையும் அறிவோம். ஒப்பிக்கும் தமிழுக்கு ஆண்டில் ஒரு நாள் போதும். "குடை எடுத்துக்கொண்டாயா? நனைந்துவிட்டாயே, தலையைத் துவட்டு" என்கிற தமிழுக்கு ஒவ்வொரு நாளும் ஓர் ஆள் வேண்டும். உருப்படியான விஷயங்களை மட்டுமே தமிழில் பேசுவதென்று வைத்துக்கொண்டால் பேச்சு பத்து நிமிஷத்தில் தீர்ந்துவிடும். பிறகு மௌனம்தான்; அல்லது பாரிஷ்தான்.

இதை மனத்தில் வைத்துக்கொண்டுதான் சென்ற நிர்வாகக் குழுக் கூட்டத்தில் ஒரு விண்ணப்பம் வைத்தேன். சங்கத்தின் வாசகசாலை அறை, குழு கூடும் நாள் தவிர மற்ற நாட்களில் பூட்டியே கிடக்கிறது. மழைக்கால நான்கு மாதங்களிலாவது மாலையில் அதைத் திறந்து வைக்கலாகாதா? முதலில் மின்சாரச் செலவு என்றார்கள். பிறகு சாவி யாரிடம் இருப்பது என்று அரை மணி நேரம் விவாதம் நடந்தது. "கிழவர்கள் கூடினால் அரசியல் பேசுவார்கள்" என்று ஓர் இளைஞர் அஞ்சினார். அவருக்கு வயது அறுபத்திரண்டு. கடைசியில் செயலாளர், சாவிப் பொறுப்பைத் தாமே ஏற்று, விவாதத்தை முடித்துவைத்தார். அவருக்கு என் நன்றி.

ஆகவே ஜூன் மாதம் 11 ஆம் தேதி முதல் செப்டம்பர் இறுதிவரை, திங்கள், புதன், வெள்ளிக் கிழமைகளில் மாலை ஐந்து மணி முதல் ஏழு மணிவரை வாசகசாலை திறந்திருக்கும். மழை முன்பின்னாக வரலாம்; கதவு தேதிப்படியே திறக்கும். பெண்மணிகளும் வரலாம், வர வேண்டும். தலைப்பு, தலைவர், நன்றியுரை எதுவும் கிடையாது. சங்கம் தேநீர் தரும். டம்ளர் கொண்டுவருவது நலம். படி ஏற முடியாதவர்கள் முன்னதாகச் சொல்லியனுப்பினால், கைபிடித்து அழைத்துவர இரண்டு இளைஞர்கள் இருக்கிறார்கள். மேற்படி அறுபத்திரண்டு வயதுக்காரர் அவர்களில் ஒருவர்.

அண்ணாச்சியிடம் செய்தியைச் சொன்னேன். பேரனோடு வருவதாகச் சொல்லியிருக்கிறார். பையனுக்கு நாகேஷ் கதையைக் காட்டுவதாக ஆசை காட்டி வைத்திருக்கிறாராம். தஞ்சாவூர்க்காரர் இப்போதிருந்தே விரல்களைப் பழக்கிக்கொண்டிருக்கிறார்.

வருகிறவர்கள் குடைகளை வாசலில் வைத்திருக்கும் வாளியில் போட்டுவிட்டு உள்ளே வர வேண்டுகிறேன். சென்ற ஆண்டுப் பொதுக்குழுவின்போது புத்தக அலமாரிவரை தண்ணீர் ஓடிவிட்டது.