ஆண்ட்ரீசன் ஏறிய ஏணி

தொழில் தொடங்கும் ஆசையுள்ள நம் தோழர்கள் பலர் மார்க் ஆண்ட்ரீசனின் பாட்காஸ்ட்களைக் கேட்கிறார்கள், பகிர்கிறார்கள். கேட்கட்டும். முதலீட்டு உலகம் எப்படி இயங்குகிறது என்பதைத் தெளிவாகச் சொல்லத் தெரிந்தவர் அவர். 2016இல் டிராய் அமைப்பின் உத்தரவால் ஃபேஸ்புக்கின் ஃப்ரீ பேசிக்ஸ் முடங்கியபோது, காலனிய எதிர்ப்புதான் இந்தியர்களின் பொருளாதாரத்தைக் கெடுத்தது என்று ட்வீட் போட்டு, பிறகு மன்னிப்புக் கேட்டவரும் இவரேதான். அதையும் விட்டுவிடலாம். தகுதி பற்றிய அவர் பேச்சை மட்டும் அப்படி விட முடியாது.

1993இல் ஆண்ட்ரீசனும் எரிக் பினாவும் மொசைக் பிரவுசரை உருவாக்கியது யாருடைய கார் ஷெட்டிலும் அல்ல. இல்லினாய் மாநில அரசுப் பல்கலைக்கழகத்தின் சூப்பர்கம்ப்யூட்டர் மையத்தில். அமெரிக்க அரசின் தேசிய அறிவியல் அறக்கட்டளை நிதி கொடுத்து நடத்திய மையம் அது. அங்கே கற்றதைக் கொண்டுதான் நெட்ஸ்கேப் பிறந்தது. 1995இல் அந்த நிறுவனம் பங்குச் சந்தைக்கு வந்தபோது அவருக்கு வயது 24. ஊர்ப்பணத்தில் நடந்த வேலை, தனிமனித மேதைமைக் கணக்கில் வரவு வைக்கப்பட்டது.

2025 ஜூலையில், ஒரு தனிப்பட்ட குழுவில் அவர் எழுதிய செய்திகளை வாஷிங்டன் போஸ்ட் வெளியிட்டது. பல்கலைக்கழகங்களின் பன்முகத்தன்மைத் திட்டங்களும் குடியேற்றமும் பாகுபாடாம். தேசிய அறிவியல் அறக்கட்டளையை ஒழித்துக்கட்ட வேண்டுமாம். ஆம், அதே அறக்கட்டளைதான்!

அரசு செலவில் ஒரு குடும்பமே படித்து முடித்துவிட்டு, அடுத்தவர் பிள்ளை வாசலில் வந்து நின்றதும் 'தகுதி போச்சு' என்று அலறுவதை மண்டல் காலத்திலிருந்தே கேட்டுவருகிறோம். அங்கே நிறவெறியின் வரலாறு, இங்கே சாதி, இரண்டும் ஒன்றல்ல. ஆனால் படியேறியவர் பேசும் பேச்சு ஒன்றாகவே இருக்கிறது. முதல் தலைமுறை மாணவர் வாங்கும் உதவித்தொகை சலுகையாகிவிடுகிறது. ஆண்ட்ரீசன் பயன்படுத்திய ஆய்வகத்தை யாரும் சலுகை என்று சொல்வதில்லை.

குடியிருப்பு விஷயத்தையும் பாருங்கள். 2020 ஏப்ரலில், கொரோனா நடுவே, "கட்டுவோம்" என்று உலகத்துக்கே அறைகூவல் விடுத்துக் கட்டுரை எழுதினார். சான் பிரான்சிஸ்கோவில் வீடுகள் போதவில்லை என்ற வருத்தமும் அதில் உண்டு. ஈராண்டு கழித்து, அவர் வசிக்கும் ஆதர்டன் என்ற பெரும் பணக்கார ஊரில், பல குடும்பங்கள் சேர்ந்து வாழும் வீடுகளுக்கு அனுமதி தரும் திட்டம் வந்தது. உடனே நீக்குங்கள் என்று அவர் பெயரிலும் மனைவி பெயரிலும் நகர நிர்வாகத்துக்கு ஆட்சேபம் போனது. வீட்டு மதிப்பு விழுமாம், சத்தமும் போக்குவரத்தும் கூடுமாம். 'அட்லாண்டிக்' இதழ் எழுதித்தான் இது வெளியே தெரிந்தது. அக்கம்பக்கத்தாரும் எதிர்த்தார்கள். ஊர் நிர்வாகம் அந்தத் திட்டத்தைக் கைவிட்டது.