தண்டவாளத்தை யார் போட்டது?

2011 ஜூன் 30 இரவு தஞ்சோங் பகார் நிலையத்திலிருந்து கடைசி ரயில் கிளம்பியது. ஜொகூர் சுல்தானே ஓட்டிப் போனார். அன்றிலிருந்து கோலாலம்பூர் - சிங்கப்பூர் ரயிலைப் பற்றி நாம் எழுதுவதெல்லாம் ஒரே மாதிரி: இரவு வண்டி, ஜன்னலோர இருக்கை, கைகூடாத ஒரு காதல். போதும்பா.

1932இல் திறந்த அந்தக் கட்டடத்தின் முகப்பில் நான்கு பளிங்குச் சிலைகள் நிற்கின்றன: விவசாயம், தொழில், வணிகம், போக்குவரத்து. காட்டை வெட்டி, கட்டை சுமந்து, தண்டவாளம் போட்ட தமிழ்க் கூலிக்குச் சிலை கிடையாது. சரி, வெள்ளைக்காரன் வைக்கவில்லை. நாம் என்ன கிழித்தோம்? ஸ்டேஷன் மாஸ்டராகவும் கிராணியாகவும் இருந்த யாழ்ப்பாணத்தார் கதையையாவது அங்கங்கே பேசுகிறோம். கூலிக்காரனை 'பாவம்' என்ற ஒற்றைச் சொல்லில் முடித்துவிடுகிறோம்.

கட்டடம் தேசிய நினைவுச்சின்னம் ஆகிவிட்டது. சிங்கப்பூர்ப் பக்கத் தண்டவாளத்தைப் பெயர்த்து நடைபாதை ஆக்கிவிட்டார்கள். ஆனால் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்தவர்கள் இன்னும் நம்மோடு இருக்கிறார்கள். அப்பாவுக்கு என்ன கூலி, மண்டோர் யார், லைனில் அடிபட்டுச் செத்தது யார் என்று போய்க் கேளுங்க. பேரோடு எழுதுங்க. ஏக்கத்தை அப்புறம் பார்த்துக்கலாம்.