குண்டின் பருமனும் கையின் பழக்கமும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளிலே, வெளியிற் புறப்படும்போது பணப்பையையும் சாவிக்கொத்தையும் எடுத்துக்கொள்வதுபோலக் கைத்துப்பாக்கியையும் இடுப்பிற் செருகிக்கொண்டு புறப்படும் வழக்கம் ஒரு சாராரிடம் வேரூன்றி நிற்கின்றது. அந்நாட்டு மாகாணங்களிற் பாதிக்கு மேற்பட்டவற்றில், அனுமதிச் சீட்டு யாதுமின்றியே அதனை மறைத்து எடுத்துச் செல்லச் சட்டம் இடந்தருகின்றது. தற்காப்பின் பொருட்டுப் பொதுவிடங்களிற் கைத்துப்பாக்கி தாங்குதல் குடிகளின் உரிமையென அங்குள்ள உச்ச நீதிமன்றமும் 2022ஆம் ஆண்டிலே தீர்ப்பளித்தது. அவ்வுரிமை தகுமா தகாதா என்னும் பெருவழக்கை நாம் ஈண்டு எடுத்துக்கொள்ளவில்லை. அங்கே குடியேறி அந்நாட்டுப் பிரஜையாகிவிட்ட நம் நண்பர் ஒருவர், "எந்த அளவுத் துப்பாக்கி வாங்குவது?" என்று நமக்குக் கடிதம் எழுதினார். துப்பாக்கியைப் படத்திலன்றிக் கண்டறியாத நம்மிடம் இக்கேள்வி வந்தது வேடிக்கையே. ஆயினும் விடை தேடப் புகுந்தபோது, அத்தேசத்தார் இவ்வொரு பொருளைப்பற்றி நூறாண்டுகளுக்கு மேலாகச் சச்சரவிட்டு வருவதையும், அச்சச்சரவில் முதன்மையானதொரு கேள்வி பெரும்பாலும் மறைந்து கிடப்பதையும் கண்டோம்.

ஆங்கிலத்திற் 'காலிபர்' என்பது குழலின் உள்விட்டம். ஆனால் கடையில் வழங்கும் பெயர்களைக் கொண்டு அளவை நிதானித்தல் கூடாது. '38' என்பதன் குண்டு மெய்யாக 0.357 அங்குல விட்டமுடையது. '357 மாக்னம்' என்பதும் அதுவே. '9 மில்லிமீட்டர்' என்பதும் '380' என்பதும் 0.355 அங்குலம். பேருருவாகப் போற்றப்படும் '45' என்பதோ 0.451 அங்குலம். ஆகவே 9 மில்லிமீட்டர்க் கட்சியாரும் 45 கட்சியாரும் இத்தனை ஆரவாரத்துடன் வழக்காடுவது ஓர் அங்குலத்திற் பத்தில் ஒரு பங்கினும் குறைந்த வேற்றுமைக்காகவே! எடையில் வேற்றுமை மிகுதி என்பது மெய். 45இன் வழக்கமான குண்டு ஏறக்குறைய 15 கிராம். 9 மில்லிமீட்டரின் குண்டு ஏழரை முதல் ஒன்பதரைக் கிராம். முன்னது பளுவாக மெல்லச் செல்லும். பின்னது இலேசாக விரைந்து செல்லும்.

பெருங்குண்டின் புகழுக்கு ஒரு கதை உண்டு. பிலிப்பைன் தீவுகளிலே மோரோ வீரர்களோடு பொருத அமெரிக்கச் சிப்பாய்கள், தங்கள் 38 ரிவால்வர்க் குண்டுகள் பாய்ந்த பின்னரும் எதிரிகள் வாளோங்கி வந்தனரென முறையிட்டனர். அதன்மேல் 1904ஆம் ஆண்டு தாம்ஸன், லகார்டு என்னும் இரண்டு இராணுவ உத்தியோகஸ்தர்கள் சிக்காகோ நகரத்துக் கசாப்புத் தொழுவங்களில் மாடுகளைச் சுட்டும், பிணங்களைச் சுட்டும் சோதித்து, 45க்குக் குறைந்தது ஆகாதென அறிக்கை செய்தனர். 1911இல் ஜான் பிரௌனிங் வகுத்த 45 பிஸ்டலை அந்நாட்டுச் சேனை ஏற்றுக்கொண்டது. சில மாடுகளைச் சுட்டுக் கண்ட முடிவு அறிவியல் முறைக்கு எவ்வளவு ஒத்தது என்பதை நம் பௌதிக மாணவர்களே சொல்லட்டும்.

பின்னர் 1986ஆம் ஆண்டு ஏப்ரல் 11ஆம் நாள் மியாமி நகரத்திலே கொள்ளைக்காரர் இருவரை எப்.பி.ஐ. என்னும் மத்திய போலீசார் வளைத்தனர். தொடக்கத்திலேயே ஒருவன்மேற் பாய்ந்த 9 மில்லிமீட்டர்க் குண்டு அவன் கையை ஊடுருவி மார்பிற் புகுந்து, இதயத்தை எட்டாமல் நின்றுவிட்டது. அவன் அதன் பின்னும் போரிட்டான். போலீசார் இருவர் மாண்டனர், ஐவர் காயமுற்றனர். பழி முழுதும் அக்குண்டின்மேல் விழுந்தது. 10 மில்லிமீட்டர் வந்தது. அதன் உதைப்பு மிகுதியெனக் கண்டு 1990இல் '40' வந்தது. ஊர்தோறும் போலீசார் அதனை வாங்கினர். இந்நிகழ்ச்சியால் விளைந்த மெய்யான நன்மை வேறொன்று. குண்டை ஊன்போன்ற ஜெலட்டின் பாளத்திற் சுட்டு, அது 12 முதல் 18 அங்குலம் வரை ஊடுருவுகின்றதா என அளக்கும் முறை நிலைபெற்றது. அவ்வளவையைக் கண்ட குண்டு செய்வோர் தங்கள் குண்டுகளைத் திருத்தினர். திருந்திய 9 மில்லிமீட்டர்க் குண்டு அச்சோதனையில் தேறிற்று. 2014ஆம் ஆண்டளவில் எப்.பி.ஐ. தான் கைவிட்ட அளவிற்கே திரும்ப முடிவுசெய்தது.

அங்ஙனம் திரும்பியதற்கு அவர்கள் காட்டிய காரணங்களுள் ஒன்று நம்மைத் திடுக்கிடச் செய்தது. மெய்யான மோதல்களிற் போலீசார் சுடும் குண்டுகளில் நூற்றுக்கு இருபது முப்பதே இலக்கிற் படுகின்றனவாம். பழகிய கையே பத்திற்கு ஏழு தவறவிடுமாயின், அவ்வேழும் எங்கே செல்கின்றன? கடைத்தெருவிலும், பள்ளிக்கூட வாயிலிலும், அடுத்த வீட்டுச் சுவரிலும் அல்லவா? படுகின்ற குண்டு எவ்வளவு பெரியதாயிருத்தல் வேண்டுமென இரவெல்லாம் தர்க்கிப்போர், படாத குண்டைப்பற்றி ஒரு வார்த்தையும் பேசக் காணோம்.

எதிரியை ஒரே அடியில் வீழ்த்தும் மாயச் சக்தி கைத்துப்பாக்கி எதற்கும் இல்லை. இதயமே சிதைந்தாலும் மூளையில் எஞ்சிய பிராணவாயுவால் ஒருவன் பத்துப் பதினைந்து வினாடி செயலாற்றக்கூடுமென எப்.பி.ஐ. 1989இல் வெளியிட்ட ஏடு கூறுகின்றது. எங்கே பட்டது, எவ்வளவு ஆழம் சென்றது என்பவையே முக்கியம். விட்டம் அவற்றிற்குப் பிற்பட்டதே. இடத்தைத் தேர்வது கை. கையைக் கலக்குவது உதைப்பு. சிறு சட்டைப்பைத் துப்பாக்கி மென்மையாயிருக்குமென எண்ணுவதும் பிழை. எடை குறையக் குறைய உதைப்பு மிகும்.

முனை குழிந்து ஊனில் விரியும் குண்டையே அங்குள்ள போலீசார் பயன்படுத்துகின்றனர். உடலைத் துளைத்துப் பின்னிற்பவனையும் கொல்லாது தங்கிவிடும் என்பது காரணம். இவ்வினக் குண்டுக்குக் கல்கத்தாவை அடுத்த டம்டம் ஆயுதசாலையின் பெயர் ஒட்டிக்கொண்டதும், 1899இல் ஹேக் மகாநாடு விரியும் குண்டுகளைப் போரில் விலக்கியதும் நினைக்கத்தக்கவை. போர்க்களத்தில் விலக்குண்டது கடைத்தெருவிற் சிபாரிசு பெறுகின்றது!

நண்பர் நம் விடைக்குக் காத்திராமற் கடைக்காரர் சொற்படி 45 ஒன்றை வாங்கிவிட்டார். இருமுறை சுட்டுப் பார்த்தாராம், மணிக்கட்டு வலித்ததாம், பின் அதனைத் தொடவில்லையாம். பழகாத 45ஐ இடுப்பிற் சுமப்பவர் தமக்கும் அயலாருக்கும் இடுக்கணையே சுமக்கின்றார் என்பது நம் துணிபு. அதனைக் கொடுத்துவிட்டு, நடுத்தர எடையுள்ள 9 மில்லிமீட்டர் ஒன்றை வாங்கி, மாதந்தவறாது பயிற்சிக் களத்திற்குச் செல்லும்படியும், செல்ல மனமில்லையேல் எதனையும் சுமவாதிருக்கும்படியும் எழுதினோம்.

இன்னுமொன்றும் எழுதினோம். 2022ஆம் ஆண்டு அந்நாட்டில் துப்பாக்கியால் மாண்டோர் 48,000க்கு மேற்பட்டவர். அவருள் ஏறத்தாழ 27,000 பேர் தம்மைத்தாமே மாய்த்துக்கொண்டவர். அங்கே 45க்கும் 9 மில்லிமீட்டருக்கும் வேற்றுமை யாது? வீட்டில் இரும்புப் பெட்டியும் பூட்டும் உண்டா, சாவி எவர் கையில் என்றும் கேட்டோம். துப்பாக்கியை மாற்றிக்கொண்டதாகவும், இரண்டு சனிக்கிழமைகள் பயிற்சிக்குச் சென்றதாகவும் அவர் மறுமொழி எழுதியிருக்கின்றார். பெட்டியைக் குறித்து ஒன்றும் எழுதவில்லை. ஆதலால் இவ்வாரத் தபாலில் மறுபடியும் கேட்டிருக்கின்றோம்.