தேறினால்தான் களம்

டெக்சாஸ் மாநிலப் பள்ளிகளில் 1985 முதல் ஒரு விதி உண்டு: ஏதேனும் ஒரு பாடத்தில் 70-க்குக் கீழே மதிப்பெண் வாங்கிய மாணவர் போட்டியில் இறங்க முடியாது. தொழிலதிபர் ராஸ் பெரோ தலைமையிலான குழு பரிந்துரைத்து, ஆளுநர் மார்க் வைட் காலத்தில் 1984-இல் நிறைவேறிய கல்விச் சட்டத்திலிருந்து வந்தது இது. வெள்ளிக்கிழமை இரவு அமெரிக்கக் கால்பந்து பார்க்க ஊரே பள்ளி மைதானத்தில் கூடும் மாநிலம் அது. எதிர்ப்புக்குக் கேட்க வேண்டுமா? வழக்கும் நடந்தது. பாடத்திட்டத்துக்கு வெளியேயான போட்டிகளில் பங்கேற்பது அடிப்படை உரிமையல்ல என்று கூறி, மாநில உச்ச நீதிமன்றம் 1985-இல் விதியை உறுதிசெய்தது.

சட்டப்படி செல்லும் என்பதாலேயே அது நியாயமாகிவிடாது. தொடக்கத்தில் தடை ஆறு வாரம். சுமார் பத்து ஆட்டங்களே கொண்ட அமெரிக்கக் கால்பந்துப் பருவத்தில் பாதிக்கு மேல் அதிலேயே போய்விடும். 1995-இல் இது மூன்று வாரமாகக் குறைந்தது. தடைக் காலத்தில் பயிற்சிக்கு வரலாம் என்றும் ஆனது. நல்ல திருத்தம்தான்.

இடறுவது, உயர்நிலைப் பாடங்களில் தேறாதவருக்குத் தடை இல்லை என்ற விலக்கு. கடினமான பாடத்தை மாணவர் தவிர்த்துவிடக் கூடாது என்ற காரணம் சரியே. ஆனால் உயர்நிலைக் கணிதத்தில் 60 வாங்கியவர் ஆடுவார்; சாதாரணக் கணிதத்தில் 69 வாங்கியவர் சீருடையின்றிப் பார்வையாளர் வரிசையில் உட்காருவார். உயர்நிலைப் பாடங்கள் அதிகம் இல்லாத சிறிய, ஏழைப் பள்ளிகளின் மாணவருக்கு இந்தச் சலுகை பெயரளவில்தான். மதிப்பெண் வரம்பு இருக்கட்டும்; அத்துடன் தடை பெற்றவருக்கு அந்த மூன்று வாரமும் தனிப்பாடம் நடத்தும் பொறுப்பைப் பள்ளியின் மீது விதியே சுமத்த வேண்டும்.