பிள்ளைகளின் உலா நாளை ஒத்திவைக்க வேண்டாம்

நீண்டகால நோய்க்குச் சிகிச்சை பெறும் பிள்ளைகளின் பெற்றோர் மருந்தின் அளவையும் அடுத்த பரிசோதனை நாளையும் தவறாது கேட்டறிகின்றனர். பிள்ளையை ஒரு ஞாயிற்றுக்கிழமை வெளியே அழைத்துச் செல்லலாமா என்னும் கேள்வியை மட்டும் பலர் மனத்திலேயே வைத்துக்கொள்கின்றனர். உயிர் காக்கும் சிகிச்சை நடக்கும் இடத்தில் கடற்கரையைப் பற்றியும் பூங்காவைப் பற்றியும் பேசுவது பொருத்தமன்று என்று அவர்கள் கருதக்கூடும். அக்கேள்வி கேட்கப்பட வேண்டியது என்பதும், பெரும்பாலான பிள்ளைகளுக்கு அதன் விடை ‘ஆம், திட்டமிட்டுச் செல்லுங்கள்’ என்பதும் எங்கள் கருத்து.

இக்கருத்துக்குக் காரணம் உண்டு. ஒரு பிள்ளைக்கு நோய் வந்ததும் அக்குடும்பத்தின் உலகம் சிறுகச் சிறுகச் சுருங்குகிறது. முதலில் திரையரங்கம் நிற்கும், பிறகு கடற்கரை, அதன்பின் உறவினர் வீட்டுத் திருமணங்கள். வீடு, மருத்துவமனை, உடல் இடங்கொடுக்கும் நாட்களில் பள்ளி என்ற மூன்று இடங்களுக்குள் அப்பிள்ளை வளர்கிறது. நோயில்லாத அக்காளோ தம்பியோ இருந்தால் அவர்களுடைய விடுமுறையும் சேர்ந்தே போகிறது. ‘அவனை விட்டுவிட்டு நாம் மட்டும் எப்படிப் போவது’ என்று தாய் சொல்வது நியாயமானதே. ஆயினும் சில மாதங்கள் கழிந்தபின் அந்த அக்காள் கேட்பதையே நிறுத்திவிடுகிறாள். தன்னால்தான் வீட்டில் எல்லாம் நின்றுபோயிற்று என்பதை நோயுற்ற பிள்ளையும் யாரும் சொல்லாமலே அறிந்துகொள்கிறது. இந்தச் சுமையை இறக்க எங்களிடம் மருந்து இல்லை.

‘உடம்பு தேறட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம்’ என்று வீட்டுப் பெரியவர்கள் கூறுவது அன்பினால்தான். ஆனால் அந்தப் ‘பிறகு’ எப்போது வரும்? முதல் வகை நீரிழிவு வாழ்நாள் முழுவதும் உடன்வருவது. குழந்தைகளுக்கு வரும் இரத்தப் புற்றுநோயின் பொதுவான வகைக்குச் சிகிச்சை இரண்டு ஆண்டுகளுக்கு மேல் நீள்கிறது. ஐந்து வயதுப் பிள்ளைக்கு இரண்டரை ஆண்டுகள் என்பது அதுவரை வாழ்ந்த வாழ்வில் பாதி. குழந்தைப் பருவத்தைச் சேமித்து வைத்து, நோய் நீங்கியபின் எடுத்துக் கொடுக்க எவராலும் இயலாது.

பெற்றோரின் அச்சம் பொய்யன்று. சென்னையைப் போன்ற பெருநகரத்தில் வெயில், கூட்டம், நெரிசல், தூய்மையற்ற குடிநீர், தேடினாலும் கிடைக்காத கழிப்பறை ஆகிய அனைத்தும் உண்மையான இடர்கள். அவற்றைத் திட்டத்தால் வெல்ல வேண்டும். காலையில் வண்டலூர், நண்பகலில் மாமல்லபுரம், மாலையில் வணிக வளாகம் என்று ஒரே நாளில் அனைத்தையும் காட்ட முயல்வதே பல உலாக்கள் கண்ணீரில் முடியக் காரணம். ஒரே இடம், அரை நாள் என்பதே நாங்கள் பரிந்துரைக்கும் அளவு. இன்னும் சற்று நேரம் இருக்கலாமே என்று பிள்ளை கெஞ்சும்போது வீடு திரும்புவதே நல்ல உலாவுக்கு அடையாளம். களைத்து அழுத பின்னர் திரும்பினால் அடுத்த முறை புறப்படும் துணிவு பெற்றோருக்கே குறைந்துவிடும்.

அடுத்து, நேரம். சித்திரை, வைகாசி மாதங்களில் சென்னையின் வெப்பம் 40 பாகையைத் தாண்டுவது புதிதன்று. கத்தரி வெயில் நாட்களில் முற்பகல் பத்து மணிக்கு மேல் திறந்தவெளியில் பிள்ளைகளை வைத்திருத்தல் கூடாது. அந்நாட்களில் காலை உலாவையோ, கூரையின்கீழ் அமைந்த இடங்களையோ தேர்ந்தெடுக்க வேண்டும். பிறவி இதய நோயால் உடல் நீலம் பாரிக்கும் பிள்ளைகளுக்கு நீர்ச்சத்துக் குறைவு பெருந்தீங்கு விளைவிக்கக்கூடியது. தாகம் எடுக்கும்வரை காத்திராமல், மருத்துவர் குறித்த அளவின்படி அவர்களுக்கு அவ்வப்போது நீர் புகட்ட வேண்டும்.

இடத்தைப் பொறுத்தவரை இந்நகரம் நாம் நினைப்பதைவிட வளமானது. 1851இல் தோன்றிய எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் திமிங்கிலத்தின் எலும்புக்கூட்டின் முன் நிற்கும் பிள்ளை, தன் நோயை ஒரு நாழிகை மறக்கும். 2010இல் திறக்கப்பட்ட கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் குழந்தைகளுக்கெனவே தனிப்பிரிவு உண்டு. அங்குக் கட்டணமும் இல்லை, வெயிலும் இல்லை. ஓடியாட இயலாத பிள்ளை மற்றப் பிள்ளைகளுக்குச் சமமாக அமர்ந்து மகிழ உகந்த இடம் அது. கிண்டி சிறுவர் பூங்கா மர நிழல் மிகுந்தது. சிறிது நேரத்தில் சுற்றி வரத்தக்கது. வண்டலூர் உயிரியல் பூங்காவோ ஏறத்தாழ 600 எக்டேர் பரப்புடையது. நடந்து முடிக்க முயலாமல் மின்கல ஊர்தியில் சுற்றுவதே நோயுற்ற பிள்ளைக்கு ஏற்றது. கிண்டிப் பூங்காவும் வண்டலூரும் செவ்வாய்க்கிழமைகளிலும், எழும்பூர் அருங்காட்சியகம் வெள்ளிக்கிழமைகளிலும் விடுமுறை. ஆவலோடு வந்த பிள்ளை பூட்டிய வாயிலைக் கண்டு திரும்ப நேராதபடி, புறப்படும் முன் திறந்திருக்கும் நேரத்தை உறுதிசெய்துகொள்ளுங்கள். மெட்ரோ நிலையங்களில் மின்தூக்கி இருப்பதால் சக்கர நாற்காலியுடன் செல்வோருக்கு அது பேருந்தைவிட எளிது. தொடர்வண்டிப் பயணமே பல பிள்ளைகளுக்குப் பாதி உலா என்பதையும் மறக்க வேண்டாம்.

இனி, நோய்க்கேற்ற முன்னேற்பாடுகள். முதல் வகை நீரிழிவுள்ள பிள்ளை ஓடி விளையாடும்போது இரத்தச் சர்க்கரை குறையக்கூடும். அக்குறைவு சில மணி நேரம் கழித்து, இரவு உறக்கத்திலும் நிகழலாம். ஆகவே சோதனைக் கருவியும் குளுக்கோஸும் பையில் இருப்பது கட்டாயம். சர்க்கரை அளவு 70க்குக் கீழ் இறங்கினால் மருத்துவர் சொன்ன அளவு குளுக்கோஸ் கொடுத்து, 15 நிமிடங்கள் கழித்து மீண்டும் சோதிக்க வேண்டும். சாக்லேட்டில் உள்ள கொழுப்பு சர்க்கரை ஏறுவதைத் தாமதிக்கச் செய்யும். அவ்வேளையில் அது உதவாது. இன்சுலினை வெயிலில் நிற்கும் காருக்குள் விட்டுச் செல்லாதீர்கள். பனிக்கட்டியின் மேல் நேரடியாக வைக்கவும் வேண்டாம். வெப்பத்தைப் போலவே உறைதலும் அதைக் கெடுக்கும்.

ஆஸ்துமா உள்ள பிள்ளையுடன், மூச்சுத்தடையை உடனே நீக்கும் இன்ஹேலரும் அதனுடன் பொருத்தும் ஸ்பேசரும் செல்ல வேண்டும். அவை பெட்டியின் அடியில் இல்லாமல் கைக்கெட்டும் இடத்தில் இருத்தல் வேண்டும். போகிப் பண்டிகையின் காலைப் புகையும் தீபாவளி இரவின் புகையும் இவர்களுக்கு ஆகாதவை. உலாவுக்கு வேறு நாளைத் தேர்ந்தெடுங்கள். ஐஸ்கிரீம் உண்டால் எல்லா ஆஸ்துமா பிள்ளைகளுக்கும் மூச்சுத்திணறல் வரும் என்பது உண்மையன்று. உங்கள் பிள்ளைக்கு ஒத்துக்கொள்கிறதா என்று மருத்துவரிடம் கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள். காரணமின்றி மறுக்க வேண்டாம்.

வலிப்பு நோய்க்கு மருந்து உண்ணும் பிள்ளைக்கு உறக்கக் குறைவும் தவறிய வேளை மருந்தும் பகை. விடியுமுன் எழுப்பிப் புறப்படும் பயணமும் நள்ளிரவில் வீடு திரும்பும் பயணமும் வேண்டாம். நீர்நிலைகளில் கைக்கெட்டும் தொலைவில் பெரியவர் ஒருவர் எப்போதும் இருக்க வேண்டும். வலிப்பு வந்தால் பிள்ளையை ஒருக்களித்துப் படுக்கவையுங்கள். கூட்டத்தில் எவரேனும் சாவிக்கொத்தைக் கையில் திணிக்கவும் வாயில் எதையேனும் புகட்டவும் முற்படுவார்கள், தடுத்துவிடுங்கள். ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடித்தால் 108ஐ அழையுங்கள்.

புற்றுநோய்ச் சிகிச்சையில் உள்ள பிள்ளைகளுக்கு நாள் தேர்வே முதன்மையானது. இரத்த வெள்ளணுக்கள் குறைந்திருக்கும் நாட்களில் கூட்டமான இடங்கள் கூடா. அணுக்கள் மீண்டும் உயர்ந்துள்ளதை மருத்துவர் உறுதிசெய்தபின், கூட்டம் சேரும் முன் திறந்தவெளிப் பூங்காவுக்குச் செல்லலாம். மூடிய அரங்குகளைவிட அதுவே நல்லது. வீட்டில் சமைத்த உணவும் காய்ச்சி ஆற்றிய நீரும் உடன்வரட்டும். உடல் வெப்பம் 100.4 பாகை ஃபாரன்ஹீட்டை எட்டினால் உலா அங்கேயே முடிகிறது. பாராசிட்டமால் கொடுத்துப் பொறுத்துப் பார்க்காமல் நேரே மருத்துவமனைக்கு வர வேண்டும்.

எந்த நோயாயினும் பையில் ஒரு தாள் இருக்கட்டும். பிள்ளையின் நோய், உண்ணும் மருந்துகளும் அவற்றின் அளவும், ஒவ்வாத மருந்து, சிகிச்சை அளிக்கும் மருத்துவமனையின் தொலைபேசி எண் ஆகியவை அதில் தெளிவாக எழுதப்பட்டிருக்கட்டும். செல்லும் இடத்துக்கு அருகில் உள்ள மருத்துவமனை எது என்று முந்தைய நாளே பார்த்துவைத்தால், அந்தத் தாளும் அந்த அறிவும் பயன்படாமலே போனாலும் உங்கள் மனம் அன்று முழுவதும் அமைதியாக இருக்கும்.

விழுப்புரத்திலிருந்தும் திருவண்ணாமலையிலிருந்தும் சிகிச்சைக்காக வந்து, சென்னையில் மாதக்கணக்கில் வாடகை அறையில் தங்கியிருக்கும் குடும்பங்களை இங்குத் தனியே குறிப்பிட விரும்புகிறோம். இந்நகரில் அவர்கள் பார்ப்பது மருத்துவமனையும் மருந்துக்கடையும் விடுதி அறையும் மட்டுமே. மருத்துவர் இசைவு தரும் ஒரு மாலையில் கடலை முதன்முறையாகப் பார்க்கும் பிள்ளைக்குச் சென்னை என்றால் ஊசி என்ற நினைவோடு அலையின் நினைவும் சேரும். செலவைக் குறித்து அஞ்ச வேண்டாம். சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் 2021 முதல் மகளிர் கட்டணமின்றிப் பயணம் செய்கின்றனர். கடற்கரைக்கு நுழைவுச்சீட்டும் இல்லை. ஆனால் மெரினாவின் நீரோட்டம் வலியது. கரையில் நின்று பார்ப்பதே போதும். கால் நனைப்பதாயினும் கையை விடாதீர்கள்.

குடும்பங்கள் திட்டமிடுவதால் மட்டும் எல்லாம் சரியாகிவிடாது. நகரத்துக்கும் கடமை உண்டு. சக்கர நாற்காலியில் செல்வோர் அலையின் அருகே போகும்படி மெரினாவில் மரப்பாதை ஒன்று 2022 நவம்பரில் திறக்கப்பட்டது. அடுத்த மாதமே மாண்டஸ் புயலில் சேதமுற்ற அப்பாதை பின்னர் சீரமைக்கப்பட்டது. அதைப் போன்ற பாதை ஒவ்வொரு பூங்காவிலும் வேண்டும். நிழலில் இருக்கைகள், தூய குடிநீர், சக்கர நாற்காலி நுழையக்கூடிய கழிப்பறை ஆகியவற்றைச் சலுகையாகக் கருத வேண்டியதில்லை. பொது இடங்கள் அனைவரும் அணுகத்தக்கனவாக அமைய வேண்டும் என்பது மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 வகுத்த நெறி. இல்லாத இடத்தில் கேளுங்கள்; எழுத்தில் கேளுங்கள். வீட்டுக்குள்ளேயே இருக்கும் பிள்ளைக்காக எந்த நகரமும் சாய்தளம் அமைப்பதில்லை. பிள்ளைகள் வெளியே வரும்போதுதான் அதன் தேவை கண்ணுக்குத் தெரிகிறது.

திட்டமிட்ட நாளன்று பிள்ளைக்குக் காய்ச்சலோ களைப்போ இருந்தால் மனம் வருந்தாமல் கைவிடுங்கள். ஆனால் அந்த மாலையே வேறொரு நாளைக் குறித்துவிடுங்கள். ‘இன்னொரு நாள்’ என்று பொதுவாகச் சொன்னால் பிள்ளைகள் நம்புவதில்லை. தேதியைச் சொன்னால் நம்புவார்கள். எங்கே செல்வது என்பதை இம்முறை நோயுள்ள பிள்ளை முடிவு செய்யட்டும். அடுத்த முறை அக்காளோ தம்பியோ முடிவு செய்யட்டும். ஊசி, மாத்திரை, பத்தியம் என எல்லாவற்றையும் பிறர் முடிவு செய்யும் வாழ்வில், யானையா, புத்தகமா, கடலா என்பதையேனும் அப்பிள்ளை தானே தேர்ந்தெடுக்கட்டும்.

வீட்டு நாட்காட்டியில் பரிசோதனை நாட்களைச் சிவப்பு மையில் வட்டமிட்டு வைத்திருப்பீர்கள். அதே பக்கத்தில், மருத்துவரின் இசைவோடு, வேறு நிறத்தில் ஒரு வட்டம் இடுங்கள். அந்த வட்டத்தைப் பிள்ளையின் கையாலேயே இடச் சொல்லுங்கள்.